குளக்கரைப் பூங்கா: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

புங்கமரத்தடி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பக்கம். ஊர்ப் பெயரையோ நகராட்சியின் பெயரையோ எழுதவில்லை. வேலையில் இருக்கிறவர்களுக்கு இதனால் தொந்தரவு வரக் கூடாது.

பாட்டி காலத்தில் நகராட்சித் துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்ட அருந்ததியர் குடும்பங்கள் நாங்கள். சுமார் ஐம்பது வீடு. வீடுகளுக்குப் பின்னால் ஒரு குளம், அதன் தென்கரையில் ஒரு பெரிய புங்கமரம். அம்மா 32 வருடம் இந்த ஊர்த் தெருக்களைக் கூட்டியவர். விடிகாலை ஐந்தரைக்கு இறங்கினால் பத்தரை, பதினொன்றுக்குத் திரும்புவார். வீட்டுக்குள் போக மாட்டார். நேரே குளத்துக்குப் போய், படித்துறைப் பக்கம் கிடந்த தட்டைக் கல்லில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியைப் புங்கமர வேரில் விரித்து உட்காருவார். கூடவே நாலைந்து அக்காமார். சித்திரையில் புங்கம்பூ தூக்குப் போசி மேல் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஊதிவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்ததும் அங்கேதான். எங்கள் வீடு தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார முடியாது.

போன வருடம் அந்தக் கரையைப் பூங்காவாக்கினார்கள். சுற்றிலும் கம்பி வேலி, இன்டர்லாக் கட்டை போட்ட நடைபாதை, திறந்தவெளி ஜிம், நாலு சிமென்ட் பெஞ்சு. தட்டைக் கல்லை எடுத்துவிட்டார்கள். புங்கமரத்தைச் சுற்றிச் சிமென்ட் மேடை. கேட் திறக்கும் நேரம் காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, மாலை நாலு முதல் ஏழு வரை. பகலில் பூட்டு. சாவி ஒப்பந்தக்காரர் வைத்த வாட்ச்மேனிடம். வேலியில் எங்கள் வீட்டுப் பக்கம் வாசலே இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது வடகரைக்கு இரண்டாம் கட்ட வேலை வரப்போகிறது என்கிறார்கள். போன தடவை “வார்டு சபையில் காட்டினோமே, நீங்கள் யாரும் வரவில்லையே” என்று சொன்னார்கள். வார்டு மக்கள் கூடிப் பேசுகிற அந்தச் சபை நடந்தது ஒரு வேலை நாள் காலையில். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் தெருவில் வேலையில் இருந்தார்கள்.

இந்த முறை முதலிலிருந்தே உள்ளே போக வேண்டும். எங்கே, யாரைப் பிடித்து, என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிம்பனை | திங்கள், இரவு 10:25

தங்கச்சி, நான் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பூங்கா எஸ்டிமேட்டுகள் நிறைய என் கையால் போயிருக்கின்றன. அதனால் உங்கள் அம்மா உட்கார்ந்த இடம் வரைபடத்தில் ஏன் காணாமல் போனது என்று எனக்குத் தெரியும்.

எஸ்டிமேட் என்பது அளக்க முடிகிற பொருளிலிருந்துதான் தொடங்கும். வேலி இத்தனை மீட்டர், இன்டர்லாக் இத்தனை சதுர மீட்டர், பெஞ்சு இத்தனை எண்ணம். ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியலில் ஒரு வரி உண்டு, வேலை முடிந்தால் எம்-புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், ஏற்றிப் பில் போடலாம். நிழலுக்கு எம்-புக்கில் வரி கிடையாது. பதினொரு மணிக்கு அஞ்சு பெண்கள் கால் கழுவுகிற கல்லுக்கும் கிடையாது. 2015-ல் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத் 500 நகரங்களுக்கு வந்தபோது பூங்காவுக்கென்று தனிப் பங்கு ஒதுக்கினார்கள், பாலக்காடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி பூங்கா. ஒரு ஊர் எஸ்டிமேட்டை எடுத்து நீளம் அகலத்தை மாற்றி அடுத்த ஊருக்குப் போடுவோம். நானும் அப்படிச் செய்தவன்தான். குளக்கரைக்கு நேரில் போய் அரை நாள் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு யோசனை. ஏழு நாள், விடிகாலை முதல் இரவு வரை, வடகரையில் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மணிவாரியாக நோட்டில் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். “பகல் 12 மணி: பெண்கள் 7, கைக்குழந்தை 2, தள்ளுவண்டிக்காரர் 1, ஆடு 4” என்று இருக்கட்டும். உணர்ச்சியாகப் பேசினால் கேட்டுவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். எண்ணிக்கையோடு ஒரு தாள் ஃபைலுக்குள் போய்விட்டால் அதைத் தாண்டி எழுத இன்ஜினியருக்குக் கை வராது.

அப்புறம், மரத்தைச் சுற்றிய சிமென்ட். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி வழக்கில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. அந்த உத்தரவு டெல்லிக்குத்தான். ஆனாலும் மேற்கோள் காட்டிக் கேளுங்கள். வேருக்குத் தண்ணீர் இறங்காவிட்டால் அந்தப் புங்கமரம் நிலைக்காது.

கிழக்குத்தெரு வாசி | செவ்வாய், காலை 7:05

நான் வேறு ஊர், ஆனால் இதே மாதிரிப் பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் குளக்கரை பத்து வருடம் திறந்து கிடந்தது. ராத்திரியானால் பாட்டில், சீட்டாட்டம். என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். வேலியும் கேட்டும் வந்த பிறகுதான் சாயங்காலம் நடக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. பகலெல்லாம் திறந்து போட்டால் யார் பார்த்துக்கொள்வது? ஆடு விட்டால் வைத்த செடி தங்குமா? யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு வழி சொல்லாமல் கேட்டைத் திற என்றால் எங்கள் மாதிரி ஆட்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள்.

புங்கமரத்தடி | செவ்வாய், மதியம் 1:15

கிழக்குத்தெரு அண்ணா, நேராகக் கேட்டதற்கு நன்றி. எங்கள் குளக்கரையிலும் குடித்தார்கள். வெளி ஆட்களும் வந்தார்கள், எங்கள் வீட்டு ஆண்களும் இருந்தார்கள். மறைக்க மாட்டேன். அவர்களை எழுப்பி விரட்டியது யார் தெரியுமா? அம்மாவும் கூட உட்காரும் அக்காமாரும்தான். பகல் முழுக்க அங்கே பெண்கள் இருந்ததால் சாயங்காலம் வரை யாரும் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். இப்போது பூட்டிய வேலிக்கு உள்ளே, பின்பக்கம் கம்பியை வளைத்துக்கொண்டு நுழைந்து குடிக்கிறார்கள். பார்க்க ஆள் இல்லை. வாட்ச்மேன் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு மாலையில் பயமில்லாத இடம் வேண்டும். எங்கள் பெண்களுக்குப் பகலில் நிழல் வேண்டும். இரண்டும் ஒரே குளக்கரையில் நடக்கக் கூடியதுதான். போன தடவை ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு நேரம் எழுதினார்கள்.

ஆடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கன்று வைத்த இரண்டு வருடத்துக்கு ஆடு உள்ளே வரக் கூடாது என்று எங்கள் ஆட்களே பேசி வைத்திருக்கிறோம். புல்லை அறுத்துக்கொண்டு போக மட்டும் அனுமதி கேட்போம்.

மலம்புழை ராஜி | செவ்வாய், மாலை 6:30

புல் அறுப்பு நடக்கிற காரியம்தான். பெங்களூரில் கைக்கொண்டரஹள்ளி ஏரியைச் சீரமைத்தபோது மாடு வைத்திருப்பவர்கள் வந்து தீவனப் புல் அறுத்துக்கொள்ள இடம் விட்டார்கள். புல் வெட்டும் செலவும் மிச்சம்.

இன்னொன்று. நம்மூர் வெயில் எல்லாருக்கும் தெரியும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது. கோடை வந்தால் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை வருடா வருடம் உத்தரவு போடுகிறது. அந்த மூன்று மணி நேரம் வெளிவேலைக்காரர்கள் எங்கே போய் உட்காருவார்கள்? ஊரில் நிழல் இருக்கிற ஒரே பொது இடம் அந்த நேரம் பூட்டிக் கிடக்கிறது. அரசாங்கம் ஓய்வு எடு என்று சொன்ன நேரத்தில் நகராட்சி கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனுவின் முதல் வரியாக எழுதுங்கள்.

சோகநாசினிக் கரை | செவ்வாய், இரவு 8:50

நான் கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயில் பல வருடம் இருந்தவள். கீழ்மட்டத் திட்டமிடல் எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். தங்கச்சி கேட்ட “எங்கே, யாரைப் பிடித்து” என்பதற்கு என்னால் முடிந்த பதில்.

1996-ல் மக்கள் திட்டம் வந்ததிலிருந்து உள்ளாட்சித் திட்டம் ஒரு வரிசையில்தான் போகும். முதலில் துறைவாரியாக வர்க்கிங் குரூப் உட்கார்ந்து யோசனைகளைத் தயாரிக்கும். பிறகு வார்டு சபை. பிறகு வளர்ச்சி செமினார். அதன்பிறகு திட்டம் எழுதி மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போகும். நீங்கள் வார்டு சபையில் வரைபடத்தைப் பார்க்கும்போது அது வர்க்கிங் குரூப்பில் பாதி முடிவான விஷயம். அதனால் சபைக்கு ஆள் திரட்டுவது மட்டும் போதாது. வர்க்கிங் குரூப்பில் உங்கள் ஆட்கள் ரெண்டு பேராவது இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர் முன்னேற்றத்துக்கென்று தனிக் குரூப் உண்டு. அதில் உங்களைப் போட்டுவிட்டு, “உங்களுக்குத்தான் இடம் கொடுத்தாயிற்றே” என்பார்கள். விடாதீர்கள். பூங்கா எந்தக் குரூப்பில் வருகிறதோ அந்தக் குரூப்பில் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிக்கான வேலைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது 9-வது, பூங்காவும் விளையாட்டுத் திடலும் 12-வது. ஒரே பட்டியல். இரண்டையும் தனித்தனி மேஜையில் வைத்துப் பேச வேண்டியதில்லை.

கவுன்சிலர் இல்லாத நாளில் ஆஃபீசுக்குப் போகாதீர்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

எல்லைத் தமிழன் | செவ்வாய், இரவு 10:10

மொழி விஷயத்தை யாரும் பேசவில்லையே. வார்டு சபை நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. நம் ஆட்களுக்குப் பேச்சு மலையாளம் நன்றாக வரும், ஆனால் அம்மா வயதுக்காரர்களுக்கு எழுத்து தெரியாது. பலருக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரியும். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மனுவைத் தமிழில் கொடுங்கள், நோட்டீசையும் தமிழில் கேளுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் கவுன்சிலர் நினைத்தால் ஒரு தமிழ் நோட்டீஸ் ஒட்டலாம். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

மனுவில் “காலனி” என்று எழுத வேண்டாம். 2024 ஜூனில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு நகர் என்ற மாதிரிப் பெயர் வைக்கக் கேரள அரசு உத்தரவு போட்டது. நீங்களே ஒரு பெயர் சொல்லலாம்.

கூவம் குமார் | புதன், காலை 9:20

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆற்றங்கரையை அழகாக்குகிறோம் என்று குடிசைகளை எடுத்து, ஆட்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கரை பச்சையாகும் நேரத்தில் கரையில் வாழ்ந்தவன் அங்கே இருக்க மாட்டான். அதனால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன்: வீட்டு மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூங்கா வந்தால் பக்கத்து நிலத்துக்கு விலை ஏறும், பட்டா இல்லாத வீட்டின் மேல் கண் விழும். பூங்காக் குழுவில் இடம் கிடைத்து, வீடு போய்விட்டால் என்ன பயன்?

குழுவைப் பற்றி: 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூங்காவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் கேட்கும்போது “எங்களில் ஒருவரைப் போடுங்கள்” என்று கேட்காதீர்கள். ஒருவரைப் போட்டால் அவர் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவார். இந்த 40 சதவீதத்தைக் காட்டிக் கேளுங்கள். கேட் வாசலில் கடலை விற்கிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் பக்கம் நடப்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

புங்கமரத்தடி | புதன், இரவு 9:00

எல்லாரும் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பட்டா பேச்சு வந்ததும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். 18 வீட்டுக்கு இல்லை. அதற்குத் தனியாக மனு எழுதப் போகிறோம்.

கவுன்சிலரைப் பார்த்தேன். நல்லபடியாகத்தான் பேசினார். “உங்கள் ஆட்களுக்குப் பூங்காவில் வேலை போட்டுத் தருகிறேன், பராமரிப்பில் பங்கெடுங்கள்” என்றார். என்ன வேலை என்று கேட்டேன். கூட்டுவது, களை பிடுங்குவது. கூலி பற்றிப் பேச்சில்லை, “சமூகப் பங்களிப்பு” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முப்பத்திரண்டு வருசம் ஊரைக் கூட்டினேன். பூங்காவையும் சும்மா கூட்டச் சொன்னா கூட்ட மாட்டேன். அங்க என்ன மரம் வைக்கணும்னு யாராவது என்கிட்டக் கேட்டா சொல்லுவேன்” என்றார்.

என் மனத்தில் இருப்பதும் இதுதான். பங்கேற்பு என்று கூப்பிடும்போதே எங்கள் கைக்குத் துடைப்பம்தான் வருகிறது. தீர்மானம் எழுதுகிற பேனா வேறு தெருவுக்குப் போகிறது. சாதி இப்படியும் உள்ளே வருகிறது. தோட்ட வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலியோடு வேண்டும், கூடவே நேரத்தை முடிவு செய்யும் உரிமையும் வேண்டும். அம்மாவுக்கு இந்தக் குளம் எந்த மாதம் எவ்வளவு வற்றும், எந்த ஓரத்தில் பாம்பு இருக்கும், எங்கே தோண்டினால் ஊற்று வரும் என்று தெரியும். வரைபடம் போட்டவர்கள் அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சோகநாசினிக் கரை | புதன், இரவு 9:45

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கூலிக்கு வழி இருக்கிறது. அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் கேரள நகராட்சிகளில் 2010 வாக்கிலிருந்து இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 100 நாள். குளம் தூர்வாருவது, மரம் நடுவது எல்லாம் அதில் வரும். பராமரிப்பை அதில் போடச் சொல்லுங்கள். ஒடிசாவில் 2020-ல் நகர்ப்புற வேலைத் திட்டம் (பிறகு முக்தா என்று பெயர் வைத்தார்கள்) கொண்டுவந்தபோது குடிசைவாசிகள் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்குமே வேலையை நேரடியாகக் கொடுத்தார்கள், ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லை. வேலை செய்கிறவர்களே குழுவிலும் இருந்தால் பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியும்.

வடகரையில் ஒரு மூலையைப் பச்சைத்துருத்தாகக் கேளுங்கள். கேரள அரசின் ஹரித கேரளம் மிஷனுடைய திட்டம், அரை சென்ட் இருந்தாலே போதும். அந்த ஊர் மரங்களை நெருக்கமாக வைத்து வளர்ப்பது. என்ன மரம் என்று அம்மா சொல்லட்டும்.

பழைய வாத்தியார் | வியாழன், காலை 6:15

அய்யன்காளி பெயர் வந்ததால் எழுதுகிறேன். கேரளத்துத் தலித் தலைவரான அவர் 1893-ல் வெங்ஙானூரில் வில்லுவண்டி என்ற மாட்டு வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். சாலையில் போவதே அன்று போராட்டம். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எதற்கும் எந்த வகுப்பாரும் போவதற்குத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்போது பாலக்காடு மலபார் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தோடு இருந்தது. ஆக அந்தத் தீர்மானம் உங்கள் குளக்கரைக்கும் சேர்த்துத்தான். சபையில் யாராவது “இதெல்லாம் புதுசாகக் கேட்கிறீர்களே” என்றால் வருடத்தைச் சொல்லுங்கள்.

கிழக்குத்தெரு வாசி | வியாழன், இரவு 8:20

தங்கச்சி, நீங்கள் எழுதிய பிறகு எங்கள் பூங்காவுக்குப் பகல் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, மதில் ஓரத்து அரையடி நிழலில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மூன்று பேர் சாக்குமூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நாலு பெஞ்சும் காலி. இத்தனை நாள் அந்த நேரத்துக்கு நான் அங்கே போனதில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பகல் நேரம் திறப்பது பற்றிப் பேச்சு எடுக்கிறேன். ஒத்துக்கொள்வார்களா என்று சொல்ல முடியாது.

புங்கமரத்தடி | பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 7:30

கணக்கு எடுத்து முடித்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் முறை வைத்து எழுதினார்கள். ஏழு நாளில் அதிக ஆள் இருந்த நேரம் பகல் 11 முதல் 2 வரை. மாலை நடைக்கு வருகிறவர்களை விட அது கூட. கரிம்பனை ஐயா சொன்ன மாதிரி மணிவாரியாக ஒரே தாளில் கொடுத்தோம். ஓவர்சீயர் ரெண்டு தடவை படித்தார். தனக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதுவரை கிடைத்தது: பகலில் கேட் திறந்திருக்கும், சோதனையாக மூன்று மாதம். சாவி ஒன்று அம்மாவிடமும் இன்னொரு அக்காவிடமும். எங்கள் பக்கம் சின்ன வாசல் வைக்க ஒத்துக்கொண்டார்கள், சக்கர நாற்காலி போகிற அகலத்துக்குக் கேட்டிருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அது தேவை. மரத்தைச் சுற்றிய சிமென்டைப் பிள்ளைகள் பார்த்திருக்க உடைத்தார்கள். கூலி விஷயமும் குழுவில் 40 சதவீதமும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. வர்க்கிங் குரூப்பில் ஒரு பெயர் மட்டும் சேர்த்திருக்கிறார்கள், ரெண்டாவதுக்கு மறுபடி மனு. பட்டாவுக்குப் பதில் வரவில்லை.

வார்டு சபை நோட்டீசைத் தமிழில் நாங்களே எழுதிக் கொடுத்தால் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதோ, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“வடகரைப் பூங்கா பற்றிப் பேச வார்டு சபை கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, அங்கன்வாடி வாசல். வரைபடம் இன்னும் போடவில்லை. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று வந்து சொல்லுங்கள்.”

எல்லைத் தமிழன் | ஞாயிறு, இரவு 7:55

பிழை இல்லை. ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமையும் தெருக் கூட்டும் வேலை உண்டுதானே? 11 மணிக்கு வர முடியுமா?

புங்கமரத்தடி | ஞாயிறு, இரவு 8:10

உண்டு அண்ணா. காலைச் சந்தை நாள், அன்றைக்கு இன்னும் தாமதமாகும். அம்மாவிடம் கேட்டேன், பன்னிரண்டரை என்கிறார். இடத்தையும் அங்கன்வாடி வாசலிலிருந்து புங்கமரத்தடிக்கு மாற்றி எழுதிவிட்டேன். நாளைக்குக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறேன்.